ஒன்பதாம் கட்டிலின் இரண்டாம் இதயம்

அந்த அரசு மருத்துவமனைக்குள் இருக்க எனக்குக் கிடைத்த அனுமதி தொண்ணூற்றாறு மணி நேரம். காலை ஏழு மணி முதல் பிற்பகல் மூன்று வரை, பன்னிரண்டு நாள். நேரத்தை நான் கவனிக்க வேண்டியதில்லை. கழுத்தில் தொங்கிய அட்டை கவனித்துக்கொண்டது.

அட்டை தீப்பெட்டி அளவுதான் இருக்கும். வார்டின் வாசலைத் தாண்டியதும் விழித்துக்கொள்ளும். நான் பேசுவதையும் என்னிடம் பிறர் பேசுவதையும் கேட்கும். வெளி ஆய்வாளர் ஒப்பந்தத்தின் விதிகள் எல்லாம் அதற்கு மனப்பாடம். விதியை மீறினால் ஒருமுறை கூவும். மூன்றாவது முறை கூவினால் ஒப்பந்தம் ரத்து. அதன் பிறகு ஐந்து வருடத்துக்கு எந்த அரசு மருத்துவமனையிலும் ஆய்வு செய்ய முடியாது.

முதல் நாள் பத்தாவது நிமிடத்திலேயே அது கூவிவிட்டது. நான்காம் கட்டிலில் இருந்த அம்மாவைப் பார்த்து, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன். அறிமுகம் இல்லாதவர்களிடம் பேச்சைத் தொடங்க எனக்குத் தெரிந்த ஒரே வாக்கியம் அது. நோயாளியின் உணவுப் பழக்கம் என் ஆய்வில் இல்லை என்று அட்டை முடிவு செய்தது.

வார்டே திரும்பிப் பார்த்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது.

"சாப்பிட்டியான்னு கேட்டதுக்கா இந்தச் சத்தம்?" என்றார் புஷ்பம் சிஸ்டர்.

மரிய புஷ்பம். பெண்கள் அறுவை சிகிச்சை வார்டின் நர்ஸ். நாற்பது வயது இருக்கும். முப்பத்திரண்டு கட்டிலுக்கும் அவர் ஒருவர்தான். மாலை நேர நர்ஸ் வேறு ஊருக்கு மாறிப்போன பிறகு யாரும் வராததால் காலை ஏழிலிருந்து இரவு ஏழரை வரை அவரே பார்த்தார்.

"நான் கேக்கக் கூடாதாம் சிஸ்டர்."

"பதில் சொல்லலாமா? நீ சாப்பிட்டியா?"

அட்டையைப் பார்த்தேன். சும்மா இருந்தது. "இட்லி," என்றேன்.

"தாலி கட்டினவன்கூட பொண்டாட்டிய இப்படிக் காவல் காக்க மாட்டாம்மா," என்றார் சிஸ்டர். வார்டு சிரித்தது. அன்றிலிருந்து அட்டைக்கு மாப்பிள்ளை என்று பெயர். எனக்கு ஆராய்ச்சி என்று பெயர். சுடர்விழி என்ற சொந்தப் பெயரை அங்கே யாரும் கடைசிவரை கேட்கவில்லை.

என் வேலை பன்னிரண்டு கட்டில்களில் மெத்தைக்கு அடியில் மெல்லிய விரிப்புகளைப் பரப்புவது. சம்மதித்த நோயாளிகளுக்கு மட்டும். ஒன்பதாம் கட்டிலின் ஆவுடையம்மாள் எளிதில் சம்மதிக்கவில்லை. சர்க்கரைப் புண்ணுக்காக ஒரு கால்விரலை எடுத்திருந்தார்கள். எழுபதை நெருங்கிய வயது. நல்ல கனத்த குரல்.

"இது என்ன செய்யும்?"

"உங்க நெஞ்சு துடிக்கிறதைக் கேக்கும்மா. நீங்க படுத்திருந்தா போதும்."

"கேட்டு?"

"சில பேருக்கு இதயம் திடீர்னு நின்னுடும் இல்லையா. நல்லா நடமாடிட்டு இருந்தவங்களுக்கு. அப்படி நிக்கிறதுக்கு மூணு நாலு வாரம் முன்னாடியே துடிப்பு கொஞ்சம் மாறுது. சாதாரண ஈசிஜில அது தெரியாது. ஒரே ஆள் பல நாள் படுக்கும்போது கேட்டுட்டே இருந்தா தெரியும்."

"தெரிஞ்சு?"

"டாக்டருக்குப் போகும். தோலுக்கு அடியில சின்னக் கருவி ஒண்ணு வச்சிட்டா நிக்காது."

"நெஞ்சக் கேட்டு, அதுக்குள்ள யார நெனச்சிட்டு இருக்கேன்னு சொல்லுமா?"

"சொல்லாதும்மா."

"அப்ப போடு."

பக்கத்தில் அவருடைய மருமகள் இசக்கி தலையில் அடித்துக்கொண்டாள். இசக்கிதான் துணைக்கு இருந்தவள். அந்த மருத்துவமனையில் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு துணையாள் உண்டு. கஞ்சி வாங்குவது, துணி அலசுவது, கழிவறைக்குக் கைத்தாங்கலாக அழைத்துப் போவது எல்லாம் அவர்கள். அவர்களுக்குக் கட்டில் கிடையாது. என் ஒப்பந்தத்திலும் அவர்கள் கிடையாது.

இரண்டாம் நாள் சிஸ்டர் மருந்துகளைப் பிரித்து வைத்துக்கொண்டே கேட்டார். "ஒனக்குச் சம்பளம் யாரு தாரா?"

"எங்க நிறுவனம். ஆஸ்பத்திரி எதுவும் தராது. ஆனா இந்தப் பன்னெண்டு நாளும் நான் ஆஸ்பத்திரி ஆள்தான். நான் தப்புப் பண்ணினா ஆஸ்பத்திரிதான் பொறுப்பு. அதுக்குத்தான் ஒப்பந்தம்."

"நானும் ஒப்பந்தம்தான். ஏழு வருசமா. ஒனக்காவது முடியுற தேதி தெரியும்." மாத்திரை உறையை நறுக்கினார். "இந்தத் தடவ நிரந்தரப் பட்டியல்ல பேரு வந்திருக்கு. அடுத்த மாசம் உடல் தகுதி பாப்பாங்க. அதுவரைக்கும் ஒரு மெமோ வாங்கிரக் கூடாது. அதனாலதான் ஒன் மாப்பிள்ளையக் கண்டா எனக்கே பயம்."

ஆறு நாள் எதுவும் நடக்கவில்லை. பன்னிரண்டு விரிப்புகளும் பன்னிரண்டு இதயங்களைக் கேட்டன. ஏழாம் நாள் காலையில் தொகுத்துப் பார்த்தபோது பதின்மூன்று இதயங்கள் இருந்தன.

முதலில் என் கணக்குத்தான் பிழை என்று நினைத்தேன். மறுபடி ஓட்டினேன். ஒன்பதாம் கட்டிலில் இரண்டு பேர் இருந்தார்கள். இரவிலும் காலையிலும் ஆவுடையம்மாளின் இதயம். பழைய சுவர்க்கடிகாரம் போல நிதானமாக ஓடியது. பிற்பகல் மூன்றரை மணிக்கு அது விலகிவிடும். நான் வார்டை விட்டுப் போன அரை மணி நேரம் கழித்து. அந்த இடத்துக்கு இன்னொரு இதயம் வரும். வயதில் இளையது. படுத்த இரண்டு நிமிடத்தில் உறங்கிவிடும். இருபதாவது நிமிடத்தில் தானாக விழித்துவிடும். யாரும் தட்டி எழுப்பிய அதிர்வு பதிவாகவில்லை. ஆறு நாளும் அப்படியே.

நான் அதைத் திரையில் பார்த்துக்கொண்டே இருந்தேன். இவ்வளவு சீக்கிரம் உறங்கும் ஒருவரை எந்த ஆய்விலும் கண்டதில்லை. மூச்சு எப்படி விழுகிறது, எப்படி எழுகிறது என்று பார்ப்பது ஒருவர் நடந்து போவதைப் பின்னாலிருந்து பார்ப்பது போல இருந்தது. முகம் தெரியாது. ஆனால் கூட்டத்தில் அடையாளம் கண்டுவிடலாம் போலத் தோன்றும்.

அப்போதுதான் பதிவில் ஓர் இடத்தைக் கவனித்தேன். ஒரு துடிப்பு வர வேண்டிய நேரத்தில் வரவில்லை. பிறகு இரண்டு சேர்ந்தாற்போல் வந்தன. மறுபடி ஓட்டம் சீரானது. ஆறு நாளில் அது ஒவ்வொரு நாளும் அதிகமாகியிருந்தது.

எனக்கு அந்த வடிவம் தெரியும். நாங்கள் தேடிக்கொண்டிருந்தது அதைத்தான். மூன்று வாரம், அல்லது அதற்கும் குறைவு.

இதைச் சொல்ல எனக்கு ஒரே ஒருவரிடம்தான் அனுமதி. நிலைய மருத்துவ அதிகாரி டாக்டர் அருள்வரதன். என் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர். அவர் திரையை இரண்டு முறை பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இது நோயாளி இல்லை."

"இல்லை சார். துணைக்கு வந்தவங்க யாரோ. மத்தியானம் அந்தம்மா எறங்கிக் கீழே படுத்துக்கிறாங்க. தரை குளிர்ச்சியா இருக்கும். இவங்க மேல படுத்துக்கிறாங்க. அப்படித்தான் இருக்கணும்."

"அப்ப இது வெளித்தடம். சம்மதம் இல்லாம பதிவானது. உங்க ஒப்பந்தம் முடியுற நிமிஷம் தானா அழிஞ்சிரும்."

"அழிஞ்சா கருவி வைக்க ஆதாரமே இருக்காது சார். ஈசிஜில ஒண்ணும் தெரியாது."

"தெரியும்மா." அவர் பெருமூச்சு விட்டார். "இந்த விதி சும்மா வரல. பத்து வருஷம் முன்னாடி ஒரு கம்பெனி ஆளுங்க வேறொரு ஆஸ்பத்திரில இதே மாதிரி அனுமதி வாங்கிட்டு உள்ளே வந்தாங்க. நோயாளியோட நிக்கல. துணைக்கு இருந்தவங்களுக்கு டீயும் பன்னும் குடுத்து அவங்க ரத்தத்தையும் எடுத்தாங்க. யாருக்கு என்ன வியாதி வரும்னு கண்டுபிடிச்சு இன்சூரன்ஸ்காரனுக்கு வித்தாங்க. அந்தச் சனங்களுக்கு அப்புறம் யாரும் பாலிசி தரல. ஏன்னுகூட அவங்களுக்குத் தெரியாது. அதான், நோயாளி அல்லாதவங்க உடம்பைப் பத்தி நீங்க எதுவும் கேக்கக் கூடாது, சொல்லவும் கூடாது."

"வழியே இல்லையா?"

"ஒண்ணு இருக்கு. அந்த ஆளே வந்து, அது நான்தான்னு உங்க அட்டைக்கிட்ட வாயால சொல்லணும். சொல்லிட்டா தடம் அவங்களுக்குச் சொந்தம். அஞ்சு நிமிஷம் விரிப்புல படுத்து ஒத்துப்போச்சுன்னா நேரா இதய வார்டுக்கு அனுப்பிரலாம்."

"அப்ப நான் போய்க் கேக்கட்டுமா?"

"கட்டில்ல யார் படுத்தாங்கன்னு கேளுங்க. அது கருவியைப் பத்தின கேள்வி. ஏன் கேக்குறீங்கன்னு மட்டும் சொல்லக் கூடாது. நான் வந்து கேட்டா விசாரணைன்னு ஆயிரும், யாரும் வாயத் திறக்க மாட்டாங்க."

நான் கேட்டாலும் திறக்க மாட்டார்கள் என்பது எனக்குத் தோன்றவில்லை.

வார்டுக்குத் திரும்பி இசக்கியிடம் போனேன். என் மனதில் இருந்தது அவள்தான். இரவெல்லாம் கட்டிலுக்கு அடியில் கிடந்து, பகலெல்லாம் நடந்தாள். "உங்களுக்கு அடிக்கடி மூச்சு வாங்குதா?" என்று கேட்டுவிட்டேன். டாக்டர் சொன்னது அதற்குள் எப்படி மறந்தது என்று தெரியவில்லை. அட்டை கூவியது. இரண்டாவது முறை.

இசக்கி அட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "எதுக்குக் கேக்கிய?"

"மத்தியானம் இந்தக் கட்டில்ல யார் படுக்கிறாங்கன்னு தெரியணும். அவ்வளவுதான்."

வார்டில் அதுவரை இருந்த பேச்சுச் சத்தம் நின்றுவிட்டது. மூலையில் புஷ்பம் சிஸ்டர் கட்டுத்துணிகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"யாரும் படுக்கல," என்றார் ஆவுடையம்மாள். "நான்தான் படுக்கேன். என் கட்டிலு."

"ரெண்டு பேர் படுத்திருக்காங்கம்மா. ரெண்டு இதயம் கேக்குது."

"எனக்கு ரெண்டு நெஞ்சு. ஒண்ணு காலைல ஓடும், ஒண்ணு மத்தியானம் ஓடும்."

யாரும் சிரிக்கவில்லை. நான் அங்கேயே நின்றேன். இசக்கி எழுந்து முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"நான்தான் படுத்தேன். இப்ப என்ன அதுக்கு?"

அவளைக் கட்டிலில் படுக்க வைத்தேன். ஐந்து நிமிடம். திரையில் 'பொருந்தவில்லை' என்று வந்தது.

"இது நீங்க இல்ல."

"நான்தான்னு சொல்லுதேன்லா. மிஷினு பொய் சொல்லுது."

மறுநாள் பதினொன்றாம் கட்டிலின் தங்கை வந்து, தான்தான் படுத்ததாகச் சொன்னாள். பொருந்தவில்லை. ஐந்தாம் கட்டிலுக்குத் துணையாக வந்த ஒரு வயதான அம்மா, "நடுமுதுகு வலிச்சுது, சாஞ்சேன்," என்றார். பொருந்தவில்லை. நான்காம் கட்டிலின் மகள். இருபதாம் கட்டிலின் நாத்தனார். அவள் வந்ததே முந்தின நாள்தான். எல்லோரும் தாங்களாகவே வந்தார்கள். வரிசையில் நின்று, செருப்பைக் கழற்றிவிட்டு, ஏறிப் படுத்தார்கள். இறங்கும்போது ஒருத்தி, "மெத்தை நல்லாத்தாம் இருக்கு, ஆராய்ச்சி," என்றாள்.

மூன்று நாள் இப்படிப் போனது. அந்த இதயமும் வரவில்லை. நான் கேட்கத் தொடங்கிய நாளிலிருந்து மூன்றரை மணிக்கு ஒன்பதாம் கட்டில் காலியாக இருந்தது.

"விட்டுரேன்," என்றார் சிஸ்டர். "மிஷின் கோளாறா இருக்கும். போன மாசம் பிரஷர் பாக்குற மிஷினு செவுத்துக்கு பிரஷர் காட்டிச்சு."

"கோளாறு இல்ல சிஸ்டர்."

"யாரோ பாவம், அசந்து படுத்துட்டுப் போறாங்க. அதக் கண்டுபிடிச்சு ஒனக்கு என்ன கெடைக்கப் போவுது?"

காரணத்தை நான் சொல்லக் கூடாது. சிஸ்டர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருக்கவில்லை. சற்று ஏமாற்றம் இருந்தது. அதைத்தான் தாங்க முடியவில்லை. அன்று சாப்பிட்டாயா என்று அவர் என்னைக் கேட்கவில்லை.

அன்று மாலை அறையில் உட்கார்ந்து யோசித்தேன். இந்தப் பெண்கள் எல்லோரும் செய்யாத ஒரு தப்பைத் தாங்கள்தான் செய்ததாக ஒப்புக்கொள்கிறார்கள். என்னைக் கண்டு எதற்கோ பயப்படுகிறார்கள். இருந்தாலும் வந்து படுக்கிறார்கள். அப்படியானால் உண்மையில் படுத்தவரை அவர்கள் எல்லோருக்கும் பிடிக்கும். அந்த ஆளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, அந்த ஆளை என்னிடமிருந்து மறைக்கிறார்கள். ஏன் கேட்கிறேன் என்று தெரிந்தால் மறைக்க மாட்டார்கள்.

விதியைப் பற்றியும் யோசித்தேன். அது கெட்ட விதி இல்லை. டீயும் பன்னும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுக் கையை நீட்டியவர்களுக்காக எழுதப்பட்ட விதி. அதை மீறுகிறவள் தன்னை நல்லவள் என்றுதான் நினைத்துக்கொள்வாள். அந்தக் கம்பெனிக்காரர்களும் அப்படி நினைத்திருக்கலாம். எனக்கு விடை கிடைக்கவில்லை. திரையில் அந்த உறக்கத்தைத் திரும்பவும் ஓட்டிப் பார்த்தேன். இருபது நிமிடம். ஒருவர் தனக்கென்று வைத்திருந்த இருபது நிமிடம் அது. அதையும் நான் எடுத்துவிட்டேன்.

பன்னிரண்டாம் நாள். மணி இரண்டரை. விரிப்புகளைச் சுருட்டத் தொடங்கினேன். ஒன்பதாம் கட்டிலை மட்டும் விட்டுவிட்டேன். ஆவுடையம்மாள் என்னைக் கண்டுகொள்ளாமல் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். இசக்கி தட்டுகளைக் கழுவிக் கொண்டுவந்து அடுக்கினாள். சிஸ்டர் பதினான்காம் கட்டிலருகே நின்று ஊசியில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்.

வார்டின் நடுவில் போய் நின்றேன். கல்லூரியில் நான் ஒரு கருத்தரங்கில்கூட எழுந்து பேசியதில்லை.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்க," என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. இன்னும் சத்தமாகச் சொன்னேன். திரும்பினார்கள்.

"நான் யாரையும் மாட்டிவிட வரல. மத்தியானம் இந்தக் கட்டில்ல படுத்தவங்க யாரா இருந்தாலும், அவங்க இதயம் சரியில்ல. மூணு வாரத்துக்குள்ள அது நின்னுடும். வலிக்காது. முன்னாடியே ஒண்ணும் தெரியாது. நடந்துட்டு இருக்கும்போது நின்னுடும். கருவி வச்சா பிழைச்சுக்கலாம்."

அட்டை கூவியது. மூன்றாவது முறை. பச்சையாக இருந்த விளக்கு சிவப்பானது. பதினைந்து நிமிடத்தில் ஒப்பந்தம் முடிகிறது, அதற்குள் வெளியேறும்படி ஒரு பெண் குரல் சொன்னது. இனிமையான குரல்தான்.

ஆவுடையம்மாள் மெல்ல எழுந்து உட்கார்ந்தார். "ஏ பிள்ள, இத மொதல்லயே சொல்றதுக்கு என்ன?"

"சொல்லக் கூடாதும்மா. சொன்னா இப்படித்தான். என் அனுமதி போயிருச்சு."

"பெரிய டாக்டர்ட்ட கோள் சொல்லப் போறன்னுல்லா நெனச்சோம்." அவர் குரல் இறங்கிவிட்டது. "கிறுக்கச்சிகளா நாங்க. வரிசையா வந்து படுத்தோமே."

"நான் வாசலைத் தாண்டுற வரைக்கும்தான் இது கேக்கும்," என்றேன். "அதுக்குள்ள அவங்களே வந்து, நான்தான்னு சொல்லணும். நான் தாண்டிட்டா அவங்க தடம் அழிஞ்சிரும். எந்த டாக்டராலும் கண்டுபிடிக்க முடியாது."

இசக்கி கையில் தட்டோடு நின்றாள். எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எந்தப் பக்கம் பார்க்கக் கூடாது என்று அவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நானும் அப்போதுதான் அந்தப் பக்கம் பார்த்தேன்.

சிஸ்டர் ஊசியைப் போட்டு முடித்தார். பஞ்சை வைத்து, "அழுத்திப் பிடி, தேய்க்காத," என்று அந்தப் பெண்ணிடம் சொன்னார். ஊசி முனையை வெட்டிப் பெட்டியில் போட்டார். கையுறையைக் கழற்றினார். குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவினார். எப்போதும் கழுவும் அளவு நேரம்தான் எடுத்துக்கொண்டார்.

பிறகு என்னிடம் வந்தார். நடையில் எந்த மாற்றமும் இல்லை.

"சொன்னா, இது பதிஞ்சு வச்சுக்கிடுமா? யாரு, எங்க, எந்த நேரம்னு எல்லாம்?"

"வச்சுக்கும் சிஸ்டர்."

"அழிக்க முடியாதோ?"

"முடியாது."

"மேல போவும்."

"போகும்."

"ஏட்டி புஷ்பம்," என்றார் ஆவுடையம்மாள் கட்டிலிலிருந்து. "என்னத்த யோசிக்க?"

"ஏழு வருசம்," என்றார் சிஸ்டர். அது யாருக்கும் சொன்ன பதில் இல்லை.

அவர் என் கழுத்துக் கயிற்றைப் பிடித்து அட்டையைத் தன் வாயருகே தூக்கினார். அவர் கை ஈரமாக இருந்தது. காது மந்தமானவரிடம் பேசுவது போல, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார்.

"என் பேரு மரிய புஷ்பம். இந்த வார்டு ஒப்பந்த நர்ஸ். டூட்டி நேரத்துல, மத்தியானம் மூணரை மணிக்கு, ஒன்பதாம் நம்பர் கட்டில்ல படுத்துத் தூங்கினது நான்தான்."